பத்தொன்பது ஊசிச் சம்பந்தம்

வாங்க மாப்ளே, வாங்க. இப்படி வேம்படிக்கு வந்து கயித்துக்கட்டில்ல உக்காருங்க. வீட்டுக்குள்ள வேண்டாம், பொம்பளைக காது ரொம்ப நீளம். காப்பி குடிச்சாச்சா? அதிரசம்? ஓகோ, பல்லு கூசுதாக்கும். சரி சரி, அந்தப் பேச்சுக்குப் பெறகு வருவோம்.

நேத்து ராத்திரி நான் எதுக்கு டிவிக்கு முன்னால போயி நின்னுக்கிட்டு துண்டை ஒதறுனேன்னு பாப்பாகிட்ட கேட்டீகளாமே. "மாமா மேல பூச்சி கீச்சி விழுந்துருச்சா"ன்னு. பூச்சிதான் மாப்ளே. ஆனா விழுந்தது எம்மேல இல்ல. எங்க விழுந்துச்சுன்னு கடைசியில சொல்லுதேன். அதுவரைக்கும் கிழவன் பேச்சைக் கேட்டுக்கிட்டு இருக்கணும். தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுறது ஒரு மொறைன்னா, மாமனார் அறுவையைக் கேக்குறதும் ஒரு மொறைதான்.

நீங்க பெங்களூர்ல கம்ப்யூட்டருக்கே பாடம் சொல்லுற ஆளு. ஒங்களுக்கு நான் சொல்லுறது கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதைதான். ஆனா நேத்து அந்த ஊசி சொருகத் தெரியாம ஒண்ணேகால் மணி நேரம் நீங்க டிவிக்குப் பொறத்தாண்டி குனிஞ்சு கெடந்ததை இந்தக் கண்ணு பாத்துச்சே. கல்யாண வீடியோ பாக்கணும்னு பதினேழு சனம் முறுக்கும் கையுமா உக்காந்திருக்கு. அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சது மாப்பிள்ளையோட முதுகுதான். எங்கப்பத்தா, பாவம், அதையே வீடியோன்னு நெனச்சு "பய நல்ல முதுகெலும்புக்காரன்"ன்னு சொல்லிட்டா.

மொதல்ல என்ன சொன்னீக? "ஒயரே வேண்டாம் மாமா, எல்லாம் காத்துலயே போயிரும்." விண்டோஸ் கட்டையையும் கே எழுத்தையும் சேத்து அமுக்குனீக. மிராகாஸ்ட்னு பேரு, 2012-ல வந்த ஏற்பாடு, இண்டர்நெட்டு இல்லாட்டியும் லேப்டாப்பும் டிவியும் நேருக்கு நேர் பேசிக்கிடும். தப்பே இல்ல. படமும் வந்துச்சு. ஒங்க அப்பாவும் நானும் தாம்பூலத் தட்டை மாத்துனோம். தட்டு எங்கையில இருந்து கெளம்புச்சு, பாதி வழியில நின்னுருச்சு. ஒரு நிமிசம் ரெண்டு சம்பந்தியும் ஆளுக்கொரு பக்கம் தட்டைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நிக்குற மாதிரி இருந்துச்சு. ஊர்க்காரன் பாத்தா என்ன நெனப்பான்? காத்துல வர்றது காத்தோட போகும் மாப்ளே. போட்டோ காட்ட, பாட்டு போட அது போதும். ரெண்டு மணி நேர வீடியோவுக்குக் கம்பிதான் கட்டுன பொண்டாட்டி மாதிரி, கூடவே வரும்.

பெறகு கம்பிக்கு வந்தீக. ஆபீஸ் லேப்டாப்புல டைப்-சி ஓட்டை மட்டுந்தான் இருக்கு. கோவில்பட்டிக்கு வண்டிய எடுத்துக்கிட்டுப் போயி ஒரு அடாப்டர் வாங்கியாந்தீக. சொருகுனா படம் வரல. அடாப்டரைத் திட்டுனீக, கடைக்காரனைத் திட்டுனீக, அவன் ஊரையே திட்டுனீக. அது எங்க ஊரும்தான், போகட்டும். வெளிய பாக்க எல்லா டைப்-சி ஓட்டையும் ஒரே கணக்குத்தான். ஆனா சிலது சார்ஜ் ஏத்தும், பைல் கடத்தும், அம்புட்டுத்தான். படத்தை வெளிய விடாது. படம் விடுற ஓட்டையின்னா அதுக்குள்ள டிஸ்ப்ளேபோர்ட் வசதி இருக்கணும். ஒங்க லேப்டாப்புல ரெண்டு ஓட்டை இருந்துச்சு, ஒண்ணுல அது உண்டு, இன்னொண்ணுல கெடையாது. பக்கத்து ஓட்டையில மாத்திச் சொருகச் சொல்லி யாரு சொன்னது? பாப்பா. இஞ்சினியரைக் கட்டுனது அவ, ஆனா கொழாய் கட்டுனவனுக்குப் பொறந்ததும் அவதானே.

ஆமா மாப்ளே, நாப்பது வருசம் கொழாய் கட்டுனவன் நான். மைக் செட்டு. கோயில் கொடை, சடங்கு, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாத்துக்கும் எங்கொழாய்தான். பெறகு டெக்கு வாடகைக்கு விட்டேன். டிவியும் டெக்கும் மூணு கேசட்டும் ஒரு ராத்திரிக்கு. விடிய விடிய தெருவுல படம் ஓடும். மஞ்சள் ஒயரு படம், வெள்ளையும் சிவப்பும் சத்தம், வெள்ளை இடது, சிவப்பு வலது. இருட்டுக்குள்ள கைவெரல் தடவியே சொருகுவேன்.

அதுக்கும் முந்தி ஆண்டெனா வேலை. மெட்ராஸ்ல தூர்தர்ஷன் 1975-ல வந்துருச்சு, ஆனா எங்க கரிசக்காட்டுக்கு அது எட்டாது. 1982-ல இலங்கையில ரூபவாகினி ஆரம்பிச்சான். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து வந்த படம் எங்களுக்கு நல்லா விழும். மொட்டை மாடியில நான் கம்பத்தைப் பிடிச்சுத் திருப்பிக்கிட்டு இருப்பேன். வீட்டுக்குள்ள இருந்து ஒருத்தன் கத்துவான்: "போச்சு… போச்சு… ஆங், இருந்துச்சு! ஐயோ, போச்சு!" ஒரு காக்கா வந்து உக்காந்தா மறுபடி மொதல்ல இருந்து. புரியாத சிங்களத்துல செய்தி வாசிப்பாக, அதையும் வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு இருப்போம். இன்னைக்கு எல்லாம் புரியுது, எவனும் பாக்க மாட்டேங்கான்.

சரி, எங் கதையில ஒரு தோல்வியையும் சொல்லிருதேன். மாமனார் எல்லாம் தெரிஞ்சவருன்னு நெனச்சு நீங்க பயந்துறக் கூடாதுல்ல. 2006-ல அரசாங்கம் வீட்டுக்கு வீடு 14 இஞ்ச் கலர் டிவி கொடுத்துச்சு. ஆட்சி மாறுச்சு. 2011-ல அடுத்த அரசாங்கம் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சுது. ரெண்டு திட்டமும் தொடங்குனது செப்டம்பர் 15, அண்ணா பொறந்த நாள்ல. தேதி பொருந்திப்போச்சு, ஓட்டைதான் பொருந்தல. நம்ம வீட்டு டிவிக்குப் பின்னால மஞ்சள், வெள்ளை, சிவப்பு. பாப்பா கொண்டாந்த லேப்டாப்புல 15 ஓட்டை இருக்குற விஜிஏ. அவுக டிவி கொடுத்தாக, இவுக லேப்டாப் கொடுத்தாக, நடுவுல மாட்டுற ஒயரை எவரும் தேர்தல் அறிக்கையில சேக்கல.

"எங்கப்பா மாட்டிருவாரு"ன்னு பாப்பா பள்ளிக்கூடம் பூராச் சொல்லிட்டு வந்துட்டா. மானப் பிரச்சினை. விஜிஏ ஒயரை நடுவுல அறுத்தேன். உள்ள சிவப்பு, பச்சை, நீலம்னு தனித்தனிக் கம்பி. அதுல மஞ்சள் ஒயர்த் தலையை ஈயம் வச்சுப் பத்துனேன். டிவியைப் போட்டா, கட்டம் போட்ட கைலியை ஓடுற பஸ்ஸுல காயப் போட்ட மாதிரி கோடு கோடாப் பறக்குது. ஒரு நாள் பூரா மல்லுக்கட்டிட்டு, திருநெல்வேலியில கடை வச்சிருக்குற எஞ் சிஷ்யப்பயகிட்டக் கேட்டேன். அவன் சிரிச்சுக்கிட்டே சொன்னான்: "அண்ணாச்சி, பழைய டிவி வினாடிக்கு 15,625 கோடுதான் போடும். விஜிஏ அதைப்போல ரெண்டு மடங்கு வேகத்துல கோட்டைக் கொட்டுது. போதாக்குறைக்கு அது மூணு நெறத்தையும் தனித்தனியா அனுப்புது, டிவியோட மஞ்சள் ஓட்டை எல்லாத்தையும் ஒண்ணாக் கரைச்சுக் கேக்குது. நடுவுல மாத்திக் கொடுக்குற பெட்டி இல்லாம வெறும் ஒயரால ஆகாது." மாட்டு வண்டிக்காரன்கிட்டப் போயி மதுரை பஸ்ஸுக்கு ஈடுகொடுன்னு சொல்லியிருக்கேன் நான். அன்னைக்குத் தெரிஞ்சுது: தலை சேந்தா மட்டும் போதாது, பேச்சும் சேரணும்.

நீங்க நேத்து மாட்டுனது எச்டிஎம்ஐ. 2002-ல சோனி, பானசோனிக், பிலிப்ஸ், தோஷிபான்னு ஏழு கம்பெனிக்காரங்க கூடி உண்டாக்குன கம்பி. எனக்கு அதுல ஆச்சரியம் கம்பியில இல்ல. ஏழு பங்காளிக ஒரு விசயத்துல ஒத்துப்போனதுதான் ஆச்சரியம். இங்க ரெண்டு பங்காளிகளுக்கு ஒரு வரப்பு மேல முப்பது வருசமாக் கேசு நடக்கு.

அதுக்குள்ள 19 ஊசி. படம், சத்தம் எல்லாம் ஒரே கம்பியில போகும். ஆனா சொருகுன ஒடனே படம் ஓடாது மாப்ளே, அங்கதான் நீங்க அவசரப்பட்டீக. மொதல்ல டிவி தன்னோட ஜாதகத்தை லேப்டாப்புக்கு அனுப்பும். "எம்பேரு இது, எனக்கு இம்புட்டு அகலம் இம்புட்டு உசரம் தாங்கும், சத்தம் இந்த வகையில வேணும்"ன்னு 128 பைட்டுல குறிப்பெழுதி அனுப்பும், தேவைப்பட்டா கூட ஒரு ஏடு சேக்கும். இடிஐடின்னு அதுக்குப் பேரு. ஜாதகத்தைப் பாத்துத்தான் லேப்டாப்பு எந்தப் படத்தை எந்த அளவுல விடலாம்னு முடிவு பண்ணும். பொண்ணு வீட்டுக்காரன்தான் மொதல்ல குறிப்புக் கொடுக்கணும்ங்கிற நம்ம வழக்கம் அங்கயும் இருக்கு பாருங்க. இதுக்கு ரெண்டு மூணு வினாடி ஆகும். அந்த ரெண்டு வினாடி பொறுக்காம நீங்க உருவுறதும் சொருகுறதுமா இருந்தா, ஜாதகம் பாக்குறவன் பஞ்சாங்கத்தை விரிக்க விரிக்கப் பிடுங்குன கதைதான். ஒங்க ஜாதகத்தை நாங்க எட்டு நாள் வச்சுப் பாத்தோம், தெரியுமா? எட்டுப் பொருத்தம் இருந்துச்சு. மீதி ரெண்டும் நேத்துத்தான் தெரிஞ்சுது.

இன்னொண்ணு, சொருகும்போது கட்டாயம் மனசுல வையுங்க. பழைய வீட்டுல எர்த்து சரியா இருக்காது. டிவியும் லேப்டாப் சார்ஜரும் கரண்டுல இருக்கையில கம்பியைத் தொட்டா கையில சுள்ளுன்னு ஒரு கடி வரும். கை தாங்கும், அந்த ஓட்டை தாங்காது. ரெண்டையும் அணைச்சிட்டு மாட்டிட்டுப் பெறகு போடுங்க. கொழாய் கட்டுனவன் சொல்லுறது, கேட்டுக்கோங்க. அதே மாதிரி, தங்கமுலாம் பூசுன கம்பி மூவாயிரம் ரூவான்னு எவனாச்சும் சொன்னா வாங்கிறாதீக. அதுல ஓடுறது ஒண்ணும் சைபரும். சரியாப் போய்ச் சேந்தா சேந்ததுதான், தங்கத்துல போனாலும் ஒங்க முகம் அதைவிட அழகாத் தெரியாது. அஞ்சு மீட்டர்ல நல்ல கம்பி ஒண்ணு போதும். டிவி டப்பாவுல கெடந்த ஒண்ணரை மீட்டர் கம்பியை மாட்டிட்டு, டிவி காலடியில முக்காலியப் போட்டு நீங்க கொலு பொம்மை மாதிரி உக்காந்திருந்தீகளே, அந்தக் கண்றாவி வேண்டாம்.

எல்லாம் மாட்டியாச்சு. டிவியில "நோ சிக்னல்." நீங்க கம்பியைத் திருப்பித் திருப்பிப் பாக்கீக. டிவிக்குப் பின்னால மூணு வாசல் மாப்ளே. ஒண்ணாம் வாசல்ல செட்டாப் பாக்ஸ்காரன் குடியிருக்கான். நீங்க ரெண்டாம் வாசல்ல போயிக் கதவைத் தட்டுதீக. டிவி ஒண்ணாம் வாசல்ல நின்னுக்கிட்டு "யாரும் வரலையே"ங்குது. ரிமோட்டுல சோர்ஸ்னு ஒரு பொத்தான் இருக்கு, அதை அமுக்கி ரெண்டாம் வாசலுக்கு ஆளனுப்பணும். இதைச் சொன்னது யாரு? ஆறாப்புப் படிக்குற என் தங்கச்சி பேரன். அவன் வாயில முறுக்கு இருந்ததால அரை மணி நேரம் கழிச்சுத்தான் சொன்னான்.

படம் வந்துச்சு. சத்தம் டிவியில வரல, லேப்டாப்புக்குள்ளயே கெணத்துல விழுந்த பூனை மாதிரி மொனங்குச்சு. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்புது, ஊமைப்படம் மாதிரி இருக்கு. அதுவும் கம்பியோட குத்தம் இல்ல. கீழ வலது ஓரத்துல ஸ்பீக்கர் படம் இருக்கு, அதைத் தட்டி, எந்த வழியாச் சத்தம் போகணும்னு டிவி பேரைத் தேர்ந்தெடுக்கணும். படத்துக்கு வழி சொன்னா மட்டும் போதாது, சத்தத்துக்கும் தனியாத் தாக்கல் சொல்லி அனுப்பணும். ஒங்க வீட்டுல அண்ணனுக்குத் தனியா, தம்பிக்குத் தனியாப் பத்திரிகை வைக்கச் சொன்னீகளே, அதே மாதிரிதான்.

இப்பத்தான் மாப்ளே, விசயத்துக்கு வாரேன்.

அந்த ஸ்பீக்கர் படத்தைத் தேடுதீக, டிவியில காணல. ஏன்னா படத்தோட நாலு ஓரமும் சட்டத்துக்கு வெளிய போயிருச்சு. ஓவர்ஸ்கேன்னு சொல்லுவாக. குண்டு டிவி காலத்துல ஓரம் நேரா நிக்காது, அதனால படத்தைக் கொஞ்சம் பெருசாக்கி ஓரத்தைச் சட்டத்துக்குள்ள மறைச்சாக. குண்டு டிவி போயிருச்சு, அந்தப் பழக்கம் இன்னும் போகல. பல தட்டை டிவியும் அதையே செய்யுது. சினிமாவுக்குத் தெரியாது, கம்ப்யூட்டரை மாட்டுனா கீழ இருக்குற பட்டை பூராக் காணாமப் போயிரும். டிவி செட்டிங்குல படத்தோட அளவுக்குப் போனா ஜஸ்ட் ஸ்கேன்னோ, ஸ்கிரீன் ஃபிட்னோ, ஒன் டு ஒன்னோ, கம்பெனிக்கு ஒரு பேரு வச்சிருப்பான். அதைப் போட்டீகன்னா ஓரம் பூரா உள்ள வந்துரும்.

இதை ஒங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நாந்தான். நல்லது செய்யணும்னுதான் சொன்னேன். மறைஞ்சு கெடந்த ஓரத்தை வெளிய இழுத்தா, ஓரத்துல ஒளிஞ்சு கெடக்குறதும் கூடவே வருமேன்னு அப்பத் தோணல.

அடுத்து ஒண்ணு செஞ்சீக. லேப்டாப் வெளிச்சம் கண்ணைக் குத்துதுன்னு விண்டோஸ் கட்டையையும் பி எழுத்தையும் அமுக்குனீக. நாலு வழி காட்டுச்சு. லேப்டாப்புல மட்டும், ரெண்டுலயும் ஒண்ணுபோல, ரெண்டையும் சேத்து ஒரே பெரிய திண்ணை, டிவியில மட்டும். நீங்க கடைசி வழியை எடுத்தீக, செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி. அப்படின்னா என்ன அர்த்தம்? ஒங்க மேசை, டிராயரு, சட்டைப் பை எல்லாத்தையும் எடுத்து ஊர்ச் சாவடியில கொட்டிட்டீகன்னு அர்த்தம். எடுத்திருக்க வேண்டியது மூணாவது வழி, எக்ஸ்டெண்ட். லேப்டாப்பை முதல் திரையா வச்சுக்கிட்டு வீடியோவை மட்டும் டிவிப் பக்கம் தள்ளி விடலாம். வர்ற தாக்கல் எல்லாம் லேப்டாப்புல ஒங்க மடிக்குள்ளயே விழும். இல்லாட்டி டூ நாட் டிஸ்டர்ப் போட்டு வச்சிருக்கலாம்.

முகூர்த்தம் முடிஞ்சுது. அடுத்த பைலைத் தேட படத்தை நிறுத்துனீக. நானும் நீங்களும் பதினேழு பேரும் டிவியைப் பாக்கோம். வலது கீழ் மூலையில, நாம சரிபண்ணின அதே மூலையில, கருப்பா ஒரு கட்டம் எந்திரிச்சுது. ஒங்க சேக்காளி போல. இங்கிலீஷ் எழுத்துல தமிழு. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும், ஆனா 43 இஞ்சுல கூட்டுனா வராதா?

"மாமியார் அதிரசம் இன்னும் கல்லாத்தான் இருக்கா? பல்லு தப்பிச்சுதா மச்சி?"

கேள்வி அங்க இருந்து வருதுன்னா, சேதி இங்க இருந்துதானே போயிருக்கணும் மாப்ளே? அந்தப் பூச்சி விழுந்தது டிவி மூலையிலதான். துண்டை ஒதறிக்கிட்டுப் போயி மூலையை மறைச்சு நின்னேன். ஒங்க அத்தைக்குக் கண்ணாடி அடுப்பங்கரையில இருந்தது எந்தக் குலசாமி செஞ்ச புண்ணியமோ.

மொகம் ஏன் இப்படி வெளிறுது? கோவிச்சுக்கிடலய்யா. முப்பத்தொரு தீபாவளியா அந்த அதிரசத்தைத் தின்னுக்கிட்டு இருக்கேன். என் கடைவாயில ரெண்டு பல்லு எப்படிப் போச்சுன்னு நெனச்சீக? பாகு முத்திப்போகுதுன்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு இன்னைக்கு வரைக்கும் துணிச்சல் வரல. வந்து மூணு நாள்ல நீங்க எழுதிட்டீக. அந்த ரெண்டு பொருத்தமும் நேத்துத்தான் தெரிஞ்சுதுன்னு சொன்னேன்ல, ஒண்ணு இதுதான். நமக்குள்ள ஜாதகம் சேந்துருச்சு.

இன்னொரு உண்மையையும் சொல்லிருதேன், மனசுல வச்சுக்கிட மாட்டீக. அந்தக் கல்யாண வீடியோ போட்டோக்காரன் கொடுத்த பென் டிரைவுலதானே இருந்துச்சு? அதைப் பிடுங்கி நேரா டிவிக்குப் பின்னால இருக்குற யுஎஸ்பி ஓட்டையில சொருகியிருந்தா ஓடியிருக்கும். எம்பி4 பைலு, நம்ம டிவி பாடும். போன மாசம் நாங்களே ரெண்டு தடவை பாத்தாச்சு. ஏன் சொல்லலையா? நல்லாருக்கே! மாப்பிள்ளை வேலைக்காரர்னு சொல்லித்தான் பொண்ணைக் கொடுத்தோம். வேலை செய்யுறதைக் கண்ணால பாக்க வேண்டாமா?

சரி, நிமிந்து உக்காருங்க. அந்தா தட்டோட வாரா. கருப்பா அடுக்கியிருக்காளே, அதேதான். பெங்களூருக்கு ரெண்டு கிலோ தனியாக் கட்டியும் வச்சிருக்கா. சிரிங்க மாப்ளே, பல்லு தெரியாமச் சிரிங்க.

"வா தாயி, வா! இப்பத்தான் ஒன்னைக் கூப்பிடலாம்னு இருந்தோம். மாப்பிள்ளை வாயைத் தொறந்து கேக்கக் கூச்சப்படுதாரு. இன்னும் நாலு வையி!"